எலினோரா, புல்லிட்டா: பழைய மஸ்டாங்கில் கை வைக்கலாமா?

அமெரிக்க மசில் கார்கள் பற்றி அவ்வப்போது எடுத்து வைத்த குறிப்புகள் என்னிடம் ஒரு நோட்டு நிறையக் கிடக்கின்றன. ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டது. அதில் ஒரே ஒரு சண்டையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். பழைய காரை அப்படியே வைத்திருக்க வேண்டுமா, இல்லை இஷ்டப்படி மாற்றலாமா என்ற சண்டை.

முதலில் ஒரு சம்பவம். 2017-ல் வெளிவந்த செய்தி இது. மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா பகுதியில் ஒரு 1968 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக், வெள்ளை பெயிண்ட் அடித்து, துருப்பிடித்துக் கிடந்தது. ஒருவர் அதை வாங்கினார். அவர் திட்டம், அதை 'எலினோர்' மாதிரி மாற்றி விற்பது. 2000-ல் நிக்கோலஸ் கேஜ் நடித்து வந்த 'கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்' படத்தில் வருகிற சாம்பல் நிற மஸ்டாங்தான் எலினோர். வேலை நடக்கும்போது சேஸி நம்பரைச் சரிபார்த்தார்கள். ஃபோர்டு நிறுவனத்தின் பழைய பதிவேடுகளை வைத்து ஆராய்கிற நிபுணர் நேரில் வந்து பார்த்து உறுதி செய்தார்: அது 1968-ல் ஸ்டீவ் மெக்குவீன் நடித்த 'புல்லிட்' படத்துக்காக வாங்கிய இரண்டு கார்களில் ஒன்று. சான் ஃபிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பறந்து விழுந்து அடிபட்ட ஸ்டண்ட் கார். படப்பிடிப்பு முடிந்ததும் காயலான் கடைக்குப் போய் அழிந்துவிட்டதாகத்தான் பல ஆண்டுகள் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

(புல்லிட் என்றதும் நம்ம ஊர் புல்லட் பைக் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. இது அந்தப் படத்தில் வரும் போலீஸ்காரரின் பெயர்.)

யோசித்துப் பாருங்கள். ஒரு சினிமா காரின் நகலைச் செய்வதற்காக இன்னொரு சினிமா காரின் அசலை அறுக்கப் போனார்கள். நம்பரைப் படித்ததால் தப்பித்தது. இதைப் படித்ததும் 'பார்த்தாயா, அதனால்தான் பழைய காரில் கை வைக்கக்கூடாது' என்று அசல்வாதிகள் சொன்னார்கள். முதல் வாசிப்பில் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

யார் யார் என்ன சொல்கிறார்கள்

பழைய கார் ஆர்வலர்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பது வழக்கம். உண்மையில் நான்காவது இருக்கும்.

முதல் கட்சி, கார் தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது. எஞ்சின் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர், கார்புரேட்டர் வார்ப்புத் தேதி எல்லாம் பொருந்த வேண்டும். இரண்டாவது கட்சி, எதையுமே தொடாதே என்பது. பெயிண்ட் உரிந்திருந்தாலும் விடு, சீட் கிழிந்திருந்தாலும் விடு. புதிதாக பெயிண்ட் அடிப்பதே இவர்களுக்கு ஒரு பொய். மூன்றாவது, ரெஸ்டோமாட் கட்சி. வெளியே பழைய உருவம், உள்ளே புது எஞ்சின், புது பிரேக், புது சஸ்பென்ஷன், ஏசி. நான்காவது கட்சியை அமெரிக்காவில் 'டே டூ' என்பார்கள், அதாவது இரண்டாம் நாள். 1968-ல் ஒரு பையன் புது கார் வாங்கி மறுநாளே சக்கரத்தையும் சைலன்ஸரையும் மாற்றியிருப்பான் இல்லையா? அந்தக் காலத்து உதிரிப் பாகங்களை மட்டும் வைத்து அந்த இரண்டாம் நாளை மறுபடி உருவாக்குவது.

'மஸ்டாங் மசில் காரே கிடையாது, அது போனி கார்' என்று ஒரு ஐந்தாவது கட்சியும் உண்டு. அளவை வைத்துச் சொல்வது. கையடக்கமான உடம்பு, மலிவு விலை என்றால் போனி. நடுத்தர அளவு குடும்பக் காரில் பெரிய எஞ்சின் என்றால் மசில். வகைப்பாட்டில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் 390 கன அங்குல (6.4 லிட்டர்) எஞ்சின் வைத்த மஸ்டாங்கை மசில் கார் என்று அழைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. மேலே போவோம்.

எலினோரைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது

படம் வந்த காலத்தில் பார்த்தபோது அந்தக் கார் என்னைக் கட்டிப் போட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். முன்பக்கத்தில் இரண்டு பெரிய விளக்கு, பக்கவாட்டில் தரையைத் தொடுகிற மாதிரி பாவாடை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சைலன்ஸர் குழாய், சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டை. கதையில் அது 1967 ஷெல்பி ஜிடி500. படப்பிடிப்பில் இருந்தவையோ சாதாரண ஃபாஸ்ட்பேக் மஸ்டாங்குகள். ஸ்டீவ் ஸ்டான்ஃபோர்டு, சிப் ஃபூஸ் ஆகியோரின் வடிவமைப்பில் ஃபைபர் பாகங்கள் ஒட்டி ஏறத்தாழ ஒரு டஜன் கார்கள் செய்தார்கள்.

இப்போது அதே காரைப் பார்த்தால் 1967 தெரியவில்லை, 2000தான் தெரிகிறது. 17 அங்குலச் சக்கரம், நைட்ரஸ் பொத்தான், ஃபைபர் பாவாடை எல்லாமே அந்த ஆண்டின் ருசி. காரின் மூல வடிவம் அறுபது ஆண்டாகத் தாங்குகிறது. அதன் மேல் ஒட்டியது இருபது ஆண்டிலேயே பழசாகத் தெரிகிறது. மாற்றியமைத்த கார்கள் பலவற்றுக்கும் இந்தக் கதிதான். 1980-களில் செய்த மாற்றத்தைப் பார்த்தவுடன் 1980 என்று சொல்லிவிடலாம்.

அதற்காக எலினோர் மோசமான கார் என்று சொல்லவில்லை. வேடிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. படத்துக்காகச் செய்த எலினோர்களில் ஒன்று 2013-ல் இண்டியானாபொலிஸ் ஏலத்தில் 10 லட்சம் டாலருக்குப் போனது. அதைப் பார்த்து நகல் செய்யாத பட்டறை குறைவு. இப்போது அந்த நகல்களைப் பற்றி ரசிகர்கள் என்ன குறை சொல்கிறார்கள்? 'விளக்கு படத்தில் இருந்தது மாதிரி இல்லை', 'சாம்பல் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது', 'பட்டை அகலம் தப்பு'. அதாவது மாற்றியமைத்த காருக்கும் அசல்வாதிகள் வந்துவிட்டார்கள்!

சரி, அந்த அசல் எலினோராவது அசலா? அதுவும் இல்லை. 1974-ல் ஹெச்.பி. ஹாலிக்கி இதே பெயரில் எடுத்த முதல் படத்தில் எலினோர் ஒரு மஞ்சள் மஸ்டாங். 1971 மாடலை 1973 மாதிரி வேஷம் போட்டு நடிக்க வைத்திருந்தார். எலினோர் என்ற காருக்குப் பதிப்புரிமை உண்டா என்ற வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2025 மே மாதம் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், எலினோர் பதிப்புரிமை பெறத்தக்க கதாபாத்திரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. படத்துக்குப் படம் காரின் மாடலும் நிறமும் நிலைமையும் மாறுகிறது, நிலையான அடையாளம் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கார் ரசிகர்கள் பத்து மணி நேரம் பேசித் தீராத விஷயத்தை நீதிபதிகள் ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள்.

அசல் என்றால் எந்த நாள்?

இப்போது முதல் கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையை விட்டு வந்த நிலைதான் உண்மை என்கிறார்கள். மசில் கார் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே இது ஆட்டம் காண்கிறது.

இந்த வகையைத் தொடங்கி வைத்ததாகப் பலரும் சொல்வது 1964 பாண்டியாக் ஜிடிஓ. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. பாண்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் சகாக்களும் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குள் வைத்தார்கள். தனி மாடல் என்றால் விதி தடுக்கும். அதனால் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பொருள் என்று பட்டியலில் போட்டார்கள். அதாவது இந்த வகையின் முதல் காரே ஒரு எஞ்சின் மாற்றம்தான், விதியை ஏமாற்றிச் செய்தது.

மஸ்டாங்கும் அப்படித்தான். 1964 ஏப்ரல் 17-ல் அறிமுகமானபோது அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சாதாரண குடும்பக் காரின் பாகங்கள். அதைக் கரோல் ஷெல்பி எடுத்து 1965-ல் ஜிடி350 ஆக்கினார். ஃபோர்டின் சான் ஹோஸே ஆலையிலிருந்து வெள்ளை ஃபாஸ்ட்பேக்குகள் வரும். பந்தயத்தில் இரண்டு சீட் கார் என்று காட்டுவதற்காகப் பின் சீட்டே இல்லாமல் செய்தார். முன் சஸ்பென்ஷனின் மேல் கையைக் கீழே இறக்க உடம்பில் புதிதாகத் துளை போட்டார். ஃபைபர் பானெட் மாட்டினார். 271 குதிரைத்திறன் 306 ஆனது. இன்று அந்த 1965 ஜிடி350 ஒன்றை யாராவது தொட்டால் அசல்வாதிகள் அழுதுவிடுவார்கள். ஆனால் அதுவே இன்னொருவர் துளை போட்ட கார்தானே?

இன்னொன்று: பென்சில்வேனியாவில் டான் யென்கோ என்ற செவ்ரோலே விற்பனையாளர். 1967-ல் கமாரோவில் வந்த எஞ்சினை இறக்கிவிட்டு 427 கன அங்குல (7 லிட்டர்) எஞ்சினைத் தன் கடையிலேயே ஏற்றி விற்றார். அந்த யென்கோ கமாரோவில் தொழிற்சாலை எஞ்சின் இருந்தால் அது அசலா, போலியா? அசலாக இருக்க வேண்டுமென்றால் எஞ்சின் மாறியிருக்க வேண்டும்!

எல்லாவற்றுக்கும் மேலே புல்லிட் கார். மெக்ஸிகோவில் கிடைத்தது ஸ்டண்ட் கார். மெக்குவீன் ஓட்டிய முதன்மைக் காரை 1974-ல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டம்மா ஆசிரியை, அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார். மெக்குவீனே திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதியும் தரவில்லை. பிறகு பல ஆண்டுகள் சும்மா நின்றது. மகன் ஓடுகிற அளவுக்கு மட்டும் சரி செய்தார், மேல் உடம்பில் கை வைக்கவில்லை. 2018-ல் வெளி உலகுக்குக் காட்டினார்கள். 2020 ஜனவரியில் ஏலத்தில் 34 லட்சம் டாலர், கமிஷன் சேர்த்தால் 37.4 லட்சம்.

அந்தக் கார் தொழிற்சாலை நிலையிலா இருந்தது? இல்லவே இல்லை. படத்துக்காக மேக்ஸ் பால்கவ்ஸ்கி என்ற பந்தய மெக்கானிக் சஸ்பென்ஷனை மாற்றியிருந்தார். கிரில்லில் இருந்த குதிரைச் சின்னத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சக்கரம் வேறு. அடியில் கேமரா மாட்டுவதற்கு வெல்டிங் செய்த தாங்கிகள் இன்னும் இருக்கின்றன. தொழிற்சாலை நிலைதான் புனிதம் என்றால் இதையெல்லாம் அறுத்து எறிந்து, குதிரையைத் திரும்ப மாட்டி, பச்சை பெயிண்ட் புதிதாக அடிக்க வேண்டும். எந்த அசல்வாதியும் அதைக் கேட்க மாட்டார். அப்படியானால் அவர் காப்பாற்ற நினைப்பது தொழிற்சாலையை அல்ல, அந்தக் காருக்கு நடந்ததை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதி சண்டை தீர்ந்துவிடும். 'நம்பர் பொருந்துகிறதா' என்பதை விட 'இந்தக் காருக்கு என்ன நடந்தது' என்பதே அவர்களுடைய உண்மையான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு ஏலத்தில் மார்க் போடுவது கஷ்டம், நம்பருக்கு மார்க் போடுவது சுலபம்.

ரெஸ்டோமாட்காரர்கள் சொல்வதில் நியாயம் எங்கே, எங்கே இல்லை

அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர்களுடைய பலமான வாதம் பாதுகாப்பு. இதை அசல்வாதிகள் லேசாகத் தள்ளிவிடுகிறார்கள். அது தப்பு.

1966 வரை வந்த மஸ்டாங்கில் பிரேக் எண்ணெய் ஒரே சுற்றில்தான் ஓடும். ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் ஒரேயடியாக பிரேக் போய்விடும். 1967 மாடலிலிருந்துதான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று வந்தது. பெரும்பாலானவற்றில் நான்கு பக்கமும் டிரம் பிரேக், சூடேறினால் பிடிக்காது. பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின்னாலிருந்து யாராவது பலமாக இடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் காரில் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து இன்றைய நெடுஞ்சாலையில் போகிறவரிடம் 'டிரம் பிரேக்தான் அசல், மாற்றாதே' என்று சொல்வது ரசனை இல்லை, பொறுப்பின்மை. அதிலும் முன் டிஸ்க் பிரேக் அந்தக் காலத்திலேயே கூடுதல் பணம் கொடுத்தால் கிடைத்தது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க் பிரேக்கும் போல்ட் போட்டு மாட்டுவதுதான். பழையதை ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தால் நாளைக்குத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் இதே பாதுகாப்பு வாதத்தை எல்லாவற்றுக்கும் இழுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஃபோர்டின் இன்றைய 5 லிட்டர் 'கயோட்டி' எஞ்சினைப் பழைய மஸ்டாங்கில் வைப்பது இப்போது பிரபலம். அந்த எஞ்சின் மேல்பக்கம் அகலம். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரண்டு தகட்டுக் கோபுரங்கள் இடம் தராது. அதனால் அவற்றைச் செதுக்குவார்கள், இல்லாவிட்டால் மொத்தமாக அறுத்துவிட்டு வேறு முன் சஸ்பென்ஷனை வெல்டிங் செய்வார்கள். சேஸி நம்பர் முத்திரை இருப்பதும் அதே எஞ்சின் அறையின் ஓரத் தகட்டில்தான். கிரைண்டர் போன பிறகு பழையது திரும்பாது. இதைப் பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது. 'எனக்கு வேகம் வேண்டும்' என்று நேராகச் சொன்னால் நான் மதிக்கிறேன்.

'எண்ணிக்கை நிறைய இருக்கிறதே, ஒன்றை அறுத்தால் என்ன' என்றும் கேட்பார்கள். 1967-ல் மட்டும் சுமார் 4.7 லட்சம் மஸ்டாங்குகள் செய்தார்கள், வாஸ்தவம். ஆனால் எல்லோரும் அறுக்க ஆசைப்படுகிற ஃபாஸ்ட்பேக் அதில் சுமார் 71,000தான். எலினோர் அலை அடித்தபோது கைவைத்தது அந்த 71,000-ல் மிச்சமிருந்தவற்றின் மேல். இன்றைக்கு அந்தச் சாக்கும் குறைந்துவிட்டது. டைனாகார்ன் என்ற அமெரிக்க நிறுவனம் 1967 ஃபாஸ்ட்பேக்கின் முழு உடம்பையே புதுத் தகட்டில் செய்து விற்கிறது. கயோட்டியா, பெரிய டர்போவா, எதை வேண்டுமானாலும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய சரித்திரமும் அறுபடாது.

கடைசியில் நான் எங்கே நிற்கிறேன்

நான் இந்தக் காரை ஓட்டியதில்லை. படித்தும் பார்த்தும் பேசுகிறவன். அதனால் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை இல்லை. ஒரு காரைப் பற்றி ஆர்வலர்கள் சண்டை போடும்போது 'இது அசலா?' என்ற கேள்வியை நான் இப்போது ஒதுக்கி வைத்துவிடுகிறேன். அதற்குப் பதில் இல்லை என்பதைத்தான் ஜிடிஓவும் ஷெல்பியும் யென்கோவும் காட்டுகின்றன. அதற்குப் பதிலாக நான் பார்ப்பது, செய்த வேலையைத் திரும்ப அவிழ்க்க முடியுமா என்பதையும், கார் தன்னைப் பற்றிப் பொய் சொல்கிறதா என்பதையும்தான்.

பொய் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1967 ஜிடி500 மொத்தமே 2,000 சொச்சம்தான். சாதாரண ஃபாஸ்ட்பேக்கில் ஜிடி500 சின்னம் ஒட்டி, 'நகல்' என்று வாங்குபவரிடம் சொல்லி விற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. அது ஒரு மரியாதை. இரண்டு கை மாறிய பிறகு அந்தச் சொல் காணாமல் போகும், சின்னம் மட்டும் நிற்கும். மூன்றாவது ஆள் அசல் விலை கொடுத்து ஏமாறுவார். மறுபக்கம், நம்பர் பொருந்தினால் விலை ஏறும் என்பதால், அசல் அல்லாத எஞ்சின் பிளாக்கில் எண்ணைத் தேய்த்துப் புது எண் அடிக்கிற வேலையும் நடக்கிறது. அசலை வணங்குகிற சந்தைதான் அந்தப் போலியையும் பெற்றெடுத்தது. கயோட்டி வைத்த கார் பானெட்டைத் திறந்ததும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எண் மாற்றி அடித்த கார் காட்டாது. எது பெரிய குற்றம்?

மறுபடி மெக்ஸிகோவுக்கு வருகிறேன். அந்த ஸ்டண்ட் காருக்கு வரவிருந்த ஆபத்து, மாற்றம் செய்யும் ஆசையிலிருந்து வந்தது என்று சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அதன் முன் சஸ்பென்ஷன் தகடுகளில் வலுவூட்டிய வேலை இருந்தது. அந்தத் தாவல்களைத் தாங்குவதற்காக 1968-ல் செய்தது. அதாவது அது புல்லிட் கார்தான் என்பதற்கான சாட்சியங்களில் ஒன்று, அதன் மேல் நடந்த ஒரு மாற்றம். தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒரு தீவிர அசல்வாதி கிளம்பியிருந்தாலும் அதே சாட்சியம் போயிருக்கும். எலினோர் செய்ய வந்தவரும் அழித்திருக்கலாம், அசல் செய்ய வந்தவரும் அழித்திருக்கலாம். காப்பாற்றியது, நடுவில் யாரோ நின்று நம்பரைப் படித்தது.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு, ஓட்டத் தெரியாதவனின் ஒரே ஒரு வேண்டுகோள். மாற்றுங்கள், தப்பில்லை. கிரைண்டரை எடுப்பதற்கு முன் ஒரு நாள் செலவழித்து அந்தக் காரின் நம்பரையும் துளைகளையும் ஒட்டுகளையும் படித்து, போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். விற்கும்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளும் காரின் ஒரு பாகம்தான்.